தாளிப்புக்குள் ஒளிந்த கோதுமை: நெய்வேலியில் இருந்து ஒரு சாலட் கேள்வி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அனுப்பினவங்க சென்னையில வேலை பார்க்கிற ஒரு பொண்ணு, வயசு இருபத்தாறு. சொந்த ஊர் நெய்வேலி. டவுன்ஷிப்புக்குள்ள வளர்ந்தவங்க. நானும் அதே டவுன்ஷிப் ஆள்தான், அதனால "எந்த வட்டம்?"னு கேட்கிற பழக்கம் எனக்கு உடனே வந்துடுச்சு. நெய்வேலிக்காரங்களுக்கு முகவரின்னா வட்டம்தான். தெருப் பேரெல்லாம் அப்புறம்.

விஷயம் இதுதான். அவங்களுக்குப் பல வருஷமா ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவாங்க, கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கிடும். வயித்து உப்புசம், அசதி. "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சகஜம்"னு எல்லாரும் சொல்லிட்டே இருந்திருக்காங்க. கடைசியா ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை, அப்புறம் சிறுகுடலில் இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்ததில் சீலியாக் நோய்னு தெரிஞ்சது. கோதுமை, பார்லி, ரை, இந்த மூணும் வாழ்நாள் முழுக்க கூடாது. அவங்க அம்மா நெய்வேலியில இருந்து போன்ல சொன்ன முதல் வார்த்தை: "நம்ம வீட்ல கோதுமையே கிடையாதேடி!"

அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது. ஆபீஸ் கேன்டீன்ல வேற எதையும் நம்ப முடியல, சாலட் மட்டும் எடுத்துக்கிறேன், அது மேல ஊத்துற டிரெஸ்ஸிங் சாப்பிடலாமா?

நாம வரலாறு பேசுற நிகழ்ச்சி, டயட் டிப்ஸ் நிகழ்ச்சி இல்ல. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா அது ஒரு வரலாற்றுக் கதையா விரியுது. அந்த அம்மாவோட வாக்கியத்துக்கும் சேர்த்துத்தான் இன்னைக்குப் பதில்.

முதல்ல நோயில் இருந்து ஆரம்பிப்போம். 1887-ல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சில குழந்தைகளுக்கு வயிறு வீங்கி, உடம்பு மெலிஞ்சு, வெளுத்த மலம் போகுது. இவங்களைக் குணப்படுத்த முடியும்னா அது சாப்பாட்டு வழியாத்தான் முடியும்னு அவர் சொன்னார். வழி சரி, ஆனா எந்தச் சாப்பாடுன்னு அவருக்குத் தெரியல. ஒரு குழந்தைக்கு தினமும் நெதர்லாந்துச் சிப்பிகளைக் கொடுத்துப் பார்த்தார், குழந்தை தேறியது. சிப்பி சீசன் முடிஞ்சதும் பழையபடி ஆகிடுச்சு. 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியம் கொண்டு வந்தார். ரொட்டியை நிறுத்தி வாழைப்பழம் கொடுத்தா குழந்தைகள் பிழைச்சாங்க. வாழைப்பழத்துக்குத்தான் அந்தச் சக்தின்னு அவர் நம்பினார். ரொட்டியை நிறுத்தினதுதான் காரணம்னு அவருக்குத் தோணல.

தோணினது வில்லம் டிக்கே என்ற நெதர்லாந்து குழந்தை மருத்துவருக்கு. போருக்கு முன்னாடியே அவருக்குக் கோதுமை மேல சந்தேகம் உண்டு. 1944-45 குளிர்காலத்துல ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போகாம முடங்கிப் போச்சு. அதைப் பசிக் குளிர்காலம்னு அங்கே சொல்வாங்க. ஜனங்க டியூலிப் கிழங்கை வேக வச்சுத் தின்னாங்க. ஊரே மெலிஞ்சுபோன அந்தச் சமயத்துல, சீலியாக் குழந்தைகள் மட்டும் நல்லா இருந்தாங்க. மறுபடி ரொட்டி வந்ததும் அவங்களுக்கு நோய் திரும்பிடுச்சு. 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டை முடிச்சார். வான் டி காமர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து நடந்த ஆராய்ச்சிகளில் குற்றவாளி கோதுமையின் மாவுச்சத்து இல்ல, அதுல இருக்கிற புரதம்னு தெரிஞ்சது. அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாம துணி மாதிரி விரியுதே, அந்த இழுவைக்குக் காரணமான புரதம்.

இப்போ நெய்வேலிக்கு வருவோம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா ஒரு பொருள் வந்ததுங்கிற கதையை நெய்வேலிப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்துல கேட்டிருப்போம். அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14-ல் நிறுவனம் பதிவாச்சு. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். 1961-ல் நிலக்கரிப் படுகை வெளியே தெரிஞ்சது. அடுத்த வருஷம் சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி இந்த மண்ணுல கிராமங்கள் இருந்தன. செம்மண் காடு, முந்திரி, பலா, மணிலா, கம்பு, கேழ்வரகு, வரகு. இதுல எதுலயும் குளூட்டன் கிடையாது. கொஞ்ச தூரத்துல வடலூர். அங்கே 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது, அதுல வேகிறதும் அரிசிதான். பசின்னா அரிசியால தீர்க்கிறதுன்னு நம்பின பூமி இது.

அதே 1956-ஐக் கவனிங்க. அந்த வருஷம் ஆகஸ்டுல இந்தியாவும் அமெரிக்காவும் ஒரு ஒப்பந்தம் போட்டன. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ், அங்கே மிஞ்சின கோதுமையை இங்கே ரூபாய்க்கு வாங்கிக்கலாம், டாலர் தேவையில்ல. நம்ம ஊர் வயித்துக்குள்ள கோதுமை பெரிய அளவுல நுழைஞ்ச கதையில இது முக்கியமான ஒரு வாசல். இன்னொரு வாசல் இதுக்கு முன்னாடியே திறந்திருந்தது. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துட்டிருந்த அரிசி நின்னுபோச்சு. அரிசி இல்லாத இடத்தை ரவையும் கோதுமையும் நிரப்பின. ரவை இட்லி அந்தப் போர்க்காலத்துல தங்க சமையலறையில பிறந்ததுதான்னு பெங்களூரு எம்.டி.ஆர். உணவகம் சொல்லிக்கும்.

1960-களில் பள்ளி மதிய உணவுல கோதுமைக் குறுணையும் மக்காச்சோள மாவும் வந்தன. கேர் என்ற அமெரிக்க அமைப்பு மூலமா வந்தவை. உங்க தாத்தா பாட்டியைக் கேளுங்க, அந்த உப்புமா வாசனை பத்தி ஒரு கருத்து நிச்சயம் வச்சிருப்பாங்க. 1966-ல் வறட்சி. அந்த ஒரு வருஷத்துல மட்டும் சுமார் ஒரு கோடி டன் உணவு தானியம் இந்தியாவுக்கு இறக்குமதி ஆச்சு. மறுவருஷத் தேர்தல்ல ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு அண்ணா சொன்ன வாக்குறுதிக்கு எவ்வளவு சக்தி இருந்திருக்கும்னு இதுல இருந்து புரிஞ்சுக்கலாம். ஜனங்க கேட்டது அரிசி. கப்பல்ல வந்தது கோதுமை.

டவுன்ஷிப்ல நிலைமை இன்னும் வித்தியாசம். வேலைக்கு ஆந்திராவுல இருந்து, கேரளாவுல இருந்து, வடக்கே இருந்துன்னு எல்லாரும் வந்தாங்க. எங்க வரிசையில ஒரு வீட்ல தினமும் ராத்திரி சப்பாத்தி. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை மட்டும் சப்பாத்தி, அதுவும் உலக வரைபடம் மாதிரி. லெக்கோன்னு ஒரு கரி இருந்தது, நெய்வேலி நிலக்கரியை அழுத்திச் சுட்டுச் செஞ்சது, புகை வராது. அந்த அடுப்பு அணையுற நேரத்துல மிச்ச சூட்டில் சப்பாத்தியை உப்ப வைக்கிறதை அந்த வீட்டு ஆன்ட்டிகிட்டதான் எங்க அம்மா கத்துக்கிட்டாங்க.

சரி, இப்போ ஒரு எண்ணிக்கை. 2016-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா உள்ளிட்ட மருத்துவர்கள் செஞ்சது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர்ப் பகுதி, இந்த மூணு இடங்கள்லயும் சேர்த்து 23,331 பேரோட ரத்தத்தைப் பார்த்தாங்க. சீலியாக் நோயைக் காட்டுற எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேர்கிட்ட இருந்தது, தெற்கே 0.10 சதவீதம்தான். பத்து மடங்குக்கும் மேல வித்தியாசம். நமக்கு அந்த ஜீன் இல்லையோன்னு தோணும், இல்லையா? அதையும் பார்த்தாங்க. இந்த நோய்க்கு அவசியமான மரபணு வகைகள் வடக்கே சுமார் 38 சதவீதம் பேருக்கு, தெற்கே சுமார் 36 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட சமம். மாறினது தட்டுதான். வடக்கே ஒருத்தர் ஒரு நாளைக்குச் சராசரியா 455 கிராம் கோதுமை சாப்பிட்டாங்க, தெற்கே 25 கிராம்.

எனக்கு இந்த ஆய்வுல ரொம்பப் பிடிச்ச விஷயமும் பயமுறுத்துற விஷயமும் இதுதான். மூணுல ஒரு தமிழருக்கு மேல அந்த மரபணு இருக்கு. மரபணு இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது, மிகச் சிலருக்குத்தான் வரும், அதைத் தெளிவாச் சொல்லிடறேன். ஆனா 25 கிராம்ங்கிறது நிலையான எண் இல்ல. பரோட்டா, பிரெட், நூடுல்ஸ், பீட்சா, ஷவர்மா ரோல்னு நாம சாப்பிடுற வேகத்தைப் பார்த்தா, நம்ம தலைமுறையோட எண் என் பாட்டியோட எண்ணா இருக்கவே முடியாது.

நம்ம ஊர் டாக்டர்களுக்கு இந்த நோய் சட்டுனு நினைவுக்கு வராததுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960-களில் வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் வட ஆற்காடு கிராமங்கள்ல பரவின ஒரு நோயை ஆராய்ஞ்சாங்க. டிராபிகல் ஸ்ப்ரூ. அதுலயும் சிறுகுடலோட உறிஞ்சும் தன்மை கெடும், வயித்துப்போக்கு, ரத்தசோகை, மெலிவு எல்லாம் வரும். ஆனா அது கொள்ளைநோய் மாதிரி ஊர் ஊரா வந்தது, போலிக் அமிலமும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தா பெரும்பாலும் கேட்டது. தெற்கே குடல் சத்தை உறிஞ்சலைன்னா முதல் சந்தேகம் ஸ்ப்ரூ மேல போறதுல நியாயம் இருந்தது. கோதுமை வடக்கத்திக்காரங்க பிரச்சனையாவே நின்னுபோச்சு.

"நம்ம வீட்ல கோதுமையே கிடையாதேடி"ங்கிற அந்த அம்மாகிட்ட இப்போ திரும்புவோம். அவங்க மேல தப்பே இல்ல. மூணு வேளையும் அரிசி சமைக்கிற வீடு. இட்லி, சாதம், சாம்பார், ரசம், மோர். கோடையில கோசுமல்லி. கோசுமல்லிதான் நம்ம ஊர் சாலட். ஊற வச்ச பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், துருவின மாங்காய், தேங்காய், எலுமிச்சைச் சாறு. அதுக்கு டிரெஸ்ஸிங் எது? மேல கொட்டுற தாளிப்புதான். எண்ணெய், கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம்.

கதை இங்கேதான் மாட்டுது.

பெருங்காயம் ஒரு செடியோட பிசின். ஃபெருலா வகைச் செடி, ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசியாவோட வறண்ட மலைகள்ல வளரும். வேரைக் கீறி விட்டா பால் மாதிரி வடியும், காய்ஞ்சு பிசினாகும். இந்தியாவுல இதை நாம பயிர் பண்ணதே இல்ல. 2020 அக்டோபர்லதான் பாலம்பூர் ஆராய்ச்சி நிறுவனம் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்குல முதல் நாற்றை நட்டது. அது வரைக்கும் நம்ம சாம்பாருக்கு மணம் கொடுத்தது முழுக்க முழுக்க இறக்குமதி.

சுத்தமான பிசின் எப்படி இருக்கும்னா, ஒட்டும், கல்லு மாதிரி கெட்டியாகும், வாசனை மண்டையை உடைக்கும். ஒரு குடும்பத்துச் சாம்பாருக்குக் கடுகளவு போதும். கொஞ்சம் கூடிப்போனா கசப்பு, வாயில வைக்க முடியாது. ஆக, அதை அடக்க ஒரு துணைப்பொருள் வேணும். வேலம்பிசினையும் மாவையும் சேர்த்துப் பிசைஞ்சு கட்டியாவோ தூளாவோ ஆக்கிடுவாங்க. இதுதான் கூட்டுப் பெருங்காயம். வடக்கே 'பந்தானி ஹிங்', அதாவது கட்டின பெருங்காயம். லால்ஜி கோது கம்பெனி 1894-ல் பம்பாயில் தொடங்கினது. எல்.ஜி.ன்னு சொன்னா உங்க வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கிற அந்த டப்பா ஞாபகம் வரும். நாம பெருங்காயம்னு சொல்றது இந்த நூத்துச் சொச்ச வருஷத்துப் பழக்கத்துல பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயத்தைத்தான்.

சட்டமும் இதை ஒளிக்கல. இந்திய உணவுத் தர விதிகள்படி, கூட்டுப் பெருங்காயத்துல வேலம்பிசின், மாவுச்சத்து, தானிய மாவு கலக்கலாம். ஆல்கஹால்ல கரையுற சாரம் குறைஞ்சது 5 சதவீதம் இருந்தா போதும். மாவுன்னா எந்த மாவு? சில பிராண்டுல அரிசி மாவு. பல பிராண்டுல கோதுமை மாவு அல்லது மைதா. டப்பாவைத் திருப்பினா சின்ன எழுத்துல இருக்கும். நான் எங்க வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், இத்தனை வருஷத்துல முதல் தடவையா. கோதுமை மாவு.

ஒரு சிட்டிகைதானே, என்ன பெருசா ஆகிடப் போகுதுன்னு கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோராயமா. ஒரு குண்டான் சாம்பாருக்கு அரை கிராம் தூள். அதுல பாதி கோதுமை மாவுன்னு வச்சுக்குவோம், 250 மில்லிகிராம். கோதுமை மாவுல பத்துல ஒரு பங்கு குளூட்டன்னா 25 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிட்டா ஆளுக்கு 6. அதே வேளையில ரசத்துலயும் பெருங்காயம், மோர்லயும் பெருங்காயம், ஊறுகாய்ல தாராளமா. ஒரு வேளைக்கு 15, 20-ன்னு ஏறிடும். ராத்திரியும் அதே குழம்பு.

2007-ல் இத்தாலியில் கார்லோ கத்தாசி குழுவினர் சீலியாக் நோயாளிகளுக்கு மூணு மாசம் தினமும் சிறு அளவு குளூட்டன் கொடுத்துப் பார்த்தாங்க. தினம் 50 மில்லிகிராம் எடுத்தவங்களோட குடல் உறிஞ்சிகள் சேதமாச்சு. நம்ம கணக்கு அந்த 50-க்குப் பக்கத்துல போய் நிக்குது. என் கணக்குல பிராண்டுக்கு பிராண்டு, கைக்குக் கை மாறும், ஒத்துக்கறேன். எங்க பெரியம்மா கையில 'சிட்டிகை'ங்கிறது மூணு விரலும் உள்ளங்கையும் சேர்ந்தது. கோதுமையை முழுசா நிறுத்திட்டேன்னு நம்புற ஒருத்தர், தினமும் ரசம் சோறு மட்டும் சாப்பிட்டும் தேறாம இருக்கிறதுக்கு இந்த டப்பா ஒரு காரணமா இருக்கலாம். சோதனைக்கு முன்னாடி நோயைக் கிளப்பினது இந்தச் சிட்டிகைதான்னு சொல்ல வரல. அதுக்கு இருபது வருஷத்துப் பூரியும் பரோட்டாவும் கேக்கும் இருக்கு.

இப்போ சாலட் டிரெஸ்ஸிங்குக்கு வரலாம். அங்கேயும் இதே கதைதான், ஊர் மட்டும் வேற. 1850-களில் ஆர்தர் ஹில் ஹசால் என்ற மருத்துவர் லண்டன் கடைகள்ல உணவுப் பொருட்களை வாங்கி மைக்ராஸ்கோப்புல பார்த்து 'லான்செட்' இதழ்ல எழுதினார். கடுகுப் பொடியில அவர் கண்டது என்ன தெரியுமா? கோதுமை மாவும், நிறத்துக்கு மஞ்சளும். கலப்படம்னு எல்லாரும் கொதிச்சாங்க. வியாபாரிங்க என்ன சொன்னாங்கன்னா, சுத்தக் கடுகு தாங்க முடியாத காரம், அதைச் சாந்தப்படுத்த மாவு வேணும்னு. பெருங்காயத்துக்குச் சொன்ன அதே நியாயம்! அந்த வழக்கம் மறையவும் இல்ல. இங்கிலீஷ் மஸ்டர்டுன்னு வர்ற பாட்டில்களின் லேபிள்ல இன்னைக்கும் கோதுமை மாவைப் பார்க்கலாம். எண்ணெயும் வினிகரும் கடுகும் கலந்து அடிச்ச டிரெஸ்ஸிங் பார்க்கச் சுத்தமா இருக்கும், அந்தக் கடுகு எந்தக் கடுகுங்கிறதுதான் கேள்வி.

ரோமானியங்க இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருந்தாங்க. அவங்க சமையல்லயும் பெருங்காயம் உண்டு, ரொம்ப விலை. அபிசியஸ் பேர்ல கிடைக்கிற பழைய சமையல் நூல்ல ஒரு யோசனை இருக்கு. பிசினை ஒரு கண்ணாடிக் குப்பியில போட்டு, கூடவே இருபது பைன் கொட்டைகளைப் போட்டு வச்சா, கொட்டைக்கு வாசனை ஏறிடும். சமையலுக்குக் கொட்டையை நசுக்கிப் போட்டா போதும், குப்பியில புதுக் கொட்டையை நிரப்பிக்கலாம். மாவே தேவைப்படல. பண்ருட்டிப் பக்கத்துக்காரங்க முந்திரியை வச்சு இதைச் செஞ்சு பார்க்கலாம்னு எனக்கு ஒரு ஆசை. யாராவது முயற்சி பண்ணா சொல்லுங்க.

இனி நேரா கேள்விக்கு. எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு, இது போதும்னு விட்டா எந்தப் பயமும் இல்ல. சாதாரண வெள்ளை வினிகர் காய்ச்சி வடிச்சது, அதுல குளூட்டன் வராது. மால்ட் வினிகர் பார்லியில செய்யறது, அது வேண்டாம். சோயா சாஸ்ல சோயாவோட வறுத்த கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைக்கிறது காலங்காலமான முறை. ஆசிய ஸ்டைல், எள் டிரெஸ்ஸிங், இந்த மாதிரி பேரு போட்டிருந்தா சோயா சாஸ் இருக்கும்னே நினைச்சுக்கோங்க. சீசர் சாலட்ல வறுத்த ரொட்டித் துண்டு கண்ணுக்கே தெரியும். தெரியாதது வூஸ்டர் சாஸ், அதோட இங்கிலாந்து வகையில மால்ட் வினிகர். கெட்டியான கிரீம் டிரெஸ்ஸிங்கா இருந்தா எதைப் போட்டுக் கெட்டியாக்கினாங்கன்னு பார்க்கணும். சோள மாவுன்னா சரி, மைதான்னா இல்ல.

பாட்டில்ல வர்றதுக்கு இந்தியாவுல சட்டம் துணைக்கு இருக்கு. குளூட்டன் ஃப்ரீன்னு எழுதணும்னா ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாது. உலக அளவிலான கோடெக்ஸ் தரமும் 2008-ல் இருந்து அதே எண்தான். குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தா ஒவ்வாமைக் குறிப்புல சொல்லியாகணும்னு 2020-ன் லேபிள் விதிகள் சொல்லுது. பிரச்சனை பாட்டில் இல்லாத இடத்துல. கேன்டீன்ல பெரிய கிண்ணத்துல ஊத்தி வச்சிருப்பாங்க. கல்யாணப் பந்தியில கோசுமல்லிக்கு லேபிள் கிடையாது. பரிமாறுறவர்கிட்ட "அண்ணே, பெருங்காயம் எந்த மாவுல கட்டினது?"னு கேட்டா அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அதுக்காகக் கேட்காம இருக்காதீங்க.

இதைக் கேட்டுட்டு, "எனக்கும் உப்புசமா இருக்கு, நாளையில இருந்து கோதுமையை நிறுத்திடறேன்"னு யாரும் கிளம்பிடாதீங்க, ப்ளீஸ். சோதனைக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டா ரத்தத்துல எதிர்ப்பொருள் குறைஞ்சிடும், குடலும் ஆறத் தொடங்கிடும், நோய் இருந்தும் இல்லைன்னு ரிப்போர்ட் வர வாய்ப்பு உண்டு. முதல்ல டாக்டர், அப்புறம் டெஸ்ட், அதுக்கப்புறம்தான் சாப்பாட்டை மாத்துறது. அந்தக் குடல் துணுக்குச் சோதனைக்கும் ஒரு கதை உண்டு. வாய்வழியா குழாய் விட்டுச் சிறுகுடலில் இருந்து துணுக்கு எடுக்கிற முறை பத்தி லண்டனில் மார்கோ ஷைனர் என்ற பெண் மருத்துவர் எழுதினது எந்த வருஷம் தெரியுமா? அதுவும் 1956. நெய்வேலி நிறுவனம் பதிவான வருஷம், கோதுமை ஒப்பந்தம் போட்ட வருஷம். தற்செயல்தான். ஆனா அந்தப் பொண்ணோட உடம்புக்குள்ள மூணும் ஒண்ணா வந்து சேர்ந்திருக்கு.

ரெகார்டிங்குக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட மறுபடி பேசினேன். இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தாங்க. அம்மாவும் போன்ல சேர்ந்துக்கிட்டாங்க. நான் டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வந்து, எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. "கோ...துமை மாவு"ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. அப்புறம் கடகடன்னு திட்டம் போட ஆரம்பிச்சுட்டாங்க. ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட்டுக்கலாம். சாம்பார்ப் பொடி இனி வீட்லயே அரைக்கணும், கடைப் பொடியில இதே பெருங்காயம்தான இருக்கும். அரிசி மாவுல கட்டின பெருங்காயம் மெயின் பஜார்ல கிடைக்குதான்னு நாளைக்கே போய்க் கேட்கணும். ஊறுகாய் போன வருஷம் போட்டது, நாலு ஜாடி இருக்கு, அது இவளுக்கு இல்ல, எதிர்வீட்டுக்குக் கொடுத்துடலாம்.

எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, "அப்பளம் மட்டும் பரவால்லதானே தம்பி? அது உளுந்துதானே?"ன்னு கேட்டாங்க.

அப்பளத்துலயும் பெருங்காயம் போடுவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சமையலறை அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அப்பளக் கட்டைத் திருப்பிப் படிக்கப் போயிருக்காங்க.